மூன்று புட்டிகளும் பூவாத்தாள் முகமும்

பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஜெசிந்தாவின் பார்லர் இருந்தது. ஊரில் பாதிப் பேர் வேறெங்கோ போய் முகத்தைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் படி ஏறுவார்கள். மீதிப் பாதியை ஜெசிந்தாவே, உங்களுக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படி ஆளை விரட்டியும் கடை எப்படி நடக்கிறது என்பது எதிர்வரிசை பார்லர்க்காரிக்குப் பிடிபடாத விஷயம்.

அவளிடம் தொழில் கற்க வந்திருந்தாள் வசந்தாமணி. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது, இனிமேல் எனக்கென்று ஒன்று செய்துகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. தன் ஊர்க் கடைவீதியில் இடம்கூடப் பார்த்துவிட்டாள். பீல் ஒன்றுதான் பாக்கி.

பீல் என்றால் முகத்தின் மேல்தோலில் செத்துப்போய் ஒட்டிக்கொண்டிருப்பதை உரித்து எடுப்பது. அதற்கு ஜெசிந்தாவின் அலமாரியில் மூன்று புட்டிகள் இருந்தன. ஒன்று சாலிசிலிக் அமிலம், ஒன்று லாக்டிக் அமிலம், மூன்றாவது பப்பாளி என்சைம். பக்கத்தில், முனையில் வைரத்தூள் பதித்த தேய்ப்பு மெஷின் ஒன்றும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

வசந்தாமணிக்கு அந்த அலமாரியைத் தாண்டிப் போகவே முடியாது. மூடியைத் திருகி முகர்ந்து பார்ப்பாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, என்ன ஆகிறது என்று கண் இமைக்காமல் பார்ப்பாள். கடைசியில் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எந்தத் தோலுக்கு எதுங்க மேடம்? ஒருக்காச் சொல்லிட்டீங்கன்னா மனப்பாடம் பண்ணிப்போடுவேன்."

ஜெசிந்தா சொன்னாள். எண்ணெய் வடிகிற, பரு வருகிற தோலுக்கு சாலிசிலிக். வறண்ட தோலுக்கு லாக்டிக். தொட்டால் சிவக்கிற தோலுக்குப் பப்பாளி. தடித்துப்போய்ப் பருக்குழி விழுந்த தோலுக்கு மெஷின். அவ்வளவுதான்.

இவ்வளவுதானா என்று வசந்தாமணிக்கு ஏமாற்றம்கூட வந்தது. பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கண்ணில் மனிதர்கள் படவில்லை, தோல்தான் பட்டது. கண்டக்டர் மூக்கு சாலிசிலிக். மளிகைக் கடைக்காரர் கன்னம் மெஷின். சாப்பிட உட்கார்ந்த புருஷன், சோற்றைப் போடாமல் தன் நெற்றியையே உற்றுப் பார்க்கிறவளைக் கண்டு, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டார்.

ஆனால் ஒரு முகம் மட்டும் கணக்குக்குள் வரவில்லை. அது அவளுடையது. காலையில் எழுந்தால் வறண்டு இழுக்கிறது. மத்தியானம் மூக்கில் எண்ணெய் மினுங்குகிறது. பொழுது சாய்ந்து அடுப்படியில் நின்றுவிட்டு வந்தால் தக்காளியாகச் சிவந்து கிடக்கிறது.

"என்னுது என்ன தோலுங்க மேடம்?"

ஜெசிந்தா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்குக் கேட்கறீங்கக்கா?"

மேடம் கிண்டல் பண்ணுகிறாள் என்று வசந்தாமணி சிரித்தாள். பஸ்ஸில் பாதி வழி போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. சன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

பூவாத்தாள் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

நாற்பதைத் தாண்டிய பெண். நல்ல சேலை கட்டியிருந்தாள், ஆனால் உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கொப்பரைக் களத்தில் வேலை. தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போட்டு, பருப்பைத் தோண்டி எடுக்கிற வேலை. மகளுக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். அதற்குள் முகம் வெளுக்க வேண்டும். என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது என்றாள்.

ஜெசிந்தா வசந்தாமணியைப் பார்த்தாள்.

"இவங்க உங்க ஆள். நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு கூடைத் துண்டை இழுத்துப்போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வசந்தாமணிக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆசை பெரிதாக இருந்தது.

விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். பூவாத்தாளின் நெற்றி பளபளத்தது. மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படித்தான். விரலை வைத்தால் வழுக்கியது. யோசிக்க என்ன இருக்கிறது? முதல் புட்டியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றப் போனாள்.

"முகம் கழுவியாச்சா?" என்றாள் ஜெசிந்தா, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கழுவவில்லை. வசந்தாமணி நாக்கைக் கடித்துக்கொண்டு கழுவிவிட்டாள். துடைத்துவிட்டு மறுபடி புட்டிக்குக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் இருக்கட்டும். எதையும் போடாம சும்மா விடுங்க."

எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, தோலுக்கு அதன் நினைவு வருகிறவரைக்கும் என்று பதில் வந்தது. சும்மா இருப்பது வசந்தாமணிக்கு எப்போதுமே ஆகாத காரியம். அதனால் பேச்சுக் கொடுத்தாள். களத்தில் எத்தனை வருஷம், மாப்பிள்ளை என்ன செய்கிறார், சம்பந்தி எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. களத்தில் வேர்வையைத் துடைக்கிற கையெல்லாம் கொப்பரை எண்ணெய். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் அந்தக் கைதான் முகத்தைத் துடைக்கிறது.

பேச்சு முடிந்து விளக்கை மறுபடி இழுத்தபோது வேறொரு முகம் அங்கே இருந்தது. பளபளப்பு எங்கோ போய்விட்டது. கன்னம் இறுகிக் கிடந்தது. மூக்கோரம் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பியிருந்தது.

வசந்தாமணி திகைத்துப்போனாள். கொஞ்சம் முந்திப் பார்த்தது தோலே அல்ல, தேங்காய். நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் முதல் புட்டியை மூடி வைத்தாள். வறண்ட தோல், அப்படியானால் லாக்டிக். இரண்டாவது புட்டியைத் திறந்தாள். இந்த முறை முந்திக்கொண்டு, முதலில் ஓரத்தில் தொட்டுப் பார்க்கட்டுமா என்று தானே கேட்டாள். ஜெசிந்தா தலையாட்டினாள்.

தாடையோரம் பஞ்சால் ஒரு பொட்டு வைத்தாள். வைத்த கை எடுப்பதற்குள் பூவாத்தாள் ஸ்ஸென்று மூச்சை இழுத்தாள். அந்த இடம் மிளகாய் பட்டதுபோலச் சிவந்தது. வசந்தாமணி பதறித் தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"முகத்துக்கு என்ன போடறீங்க அம்மிணி?" என்று கேட்டாள் வசந்தாமணி.

பூவாத்தாள் முதலில் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு பவுடர் என்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து, அழுத்தி அழுத்தித் தட்டையாகிப்போன ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். மருந்துக் கடையில் யாரோ வாங்கிப் போட்டார்களாம். போட்ட ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனார்களாம். இவளுக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. அப்புறம் போடாத நாளெல்லாம் முகம் எரிந்தது, அதனால் விடாமல் போட்டுக்கொண்டு வருகிறாள்.

ட்யூபை வாங்கிப் பார்த்த ஜெசிந்தாவின் முகம் மாறியது. இது படை, சொறிக்கு எழுதித் தருகிற களிம்பு, நாள்கணக்காக முகத்தில் போட்டால் தோலை வெங்காயச் சருகாக்கிவிடும், சட்டென்று நிறுத்தினாலும் வம்பு, தோல் டாக்டரைப் பார்த்துத்தான் விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பூவாத்தாள் கேட்டுக்கொண்டாள். டாக்டரைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கிறேன், இப்போது வெளுக்க என்ன வழி என்று கேட்டாள்.

வசந்தாமணியின் கண் தானாக மூன்றாவது புட்டிக்குப் போனது. சிவக்கிற தோலுக்குப் பப்பாளி. கேள்வியை வாயால் கேட்கவில்லை, ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு இவங்க எங்க இருப்பாங்கன்னு கேளுங்க."

கேட்க வேண்டியதே இல்லை. நாளைக்கும் களம்தான், மறுநாளும் களம்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரைக்கும் உச்சி வெயிலில், நிழல் இல்லாத சிமெண்டுத் தரையில்தான் நிற்கப் போகிறாள். மேல்தோலை உரித்துவிட்டு அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்பது வசந்தாமணிக்கு இப்போது தெரிந்தது. மூன்று புட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அலமாரியில் வைத்தாள். மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டாள். பூவாத்தாள் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை இவள் கையில் காலி டம்ளரைக் கொடுத்து, சமையலுக்கு வந்தவங்களுக்கு எல்லாம் சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருக்கிறாள். தெரியாமல் கேட்டதுதான். பொண்ணோட அம்மா என்று யாரோ சொன்னதும் அந்த அம்மா பத்து முறை மன்னிப்புக் கேட்டாள். அதைப் பற்றி ஒன்றுமில்லை.

"என்ர புள்ள பக்கத்துலதான் நின்னா. அவ ஒன்னுமே சொல்லலீங்கக்கா."

வசந்தாமணியும் இரண்டு பெண்களைப் பெற்றவள். அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய் சொல்லி, மூன்றாவது புட்டியை ஒரே ஒரு நிமிஷம் தடவிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சும்மா தடவியதாகவாவது இருக்கட்டுமே. திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா எழுந்து வரவில்லை. துண்டு மடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"இல்லீங்க அம்மிணி," என்றாள் வசந்தாமணி. "நான் பண்ண மாட்டேன்."

பிறகு தன்னால் முடிந்ததையெல்லாம் சொன்னாள். கல்யாணத்தன்று விடியற்காலையில் நானே மண்டபத்துக்கு வருகிறேன். பொண்ணுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தலை சீவி, சேலை கட்டி, பூ வைப்பேன். பொண்ணோட அம்மா யார் என்று ஒரு ஆள் கேட்க மாட்டான். சொல்லிக்கொண்டே எரியாத களிம்பை முகத்தில் பூசி, புருவத்தைத் தொடாமல் தலைமுடியை மட்டும் திருத்திவிட்டாள். கூலி வாங்கவில்லை.

பூவாத்தாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வசந்தாமணி சன்னலுக்கு ஓடினாள். கீழே ரோட்டோரம் பூவாத்தாள் நின்றாள். பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பஸ் போன பிறகு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எதிர்வரிசைப் பார்லரின் கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது.

"பாருங்க மேடம். எவ்வளவு சொன்னேன்."

ஓடிப்போய்க் கூட்டி வரட்டுமா என்றதற்கு, போய்ப் பாருங்கள் என்றாள் ஜெசிந்தா. வசந்தாமணி போனாள். உள்ளே வாடிக்கையாளர் இருக்கிறார், இப்போது பார்க்க முடியாது என்று வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படியேறி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சைவிடக் கோபம் அதிகமாக வாங்கியது.

அந்தக் கோபம் அவளோடு வீட்டுக்குப் போனது. பாத்திரம் தேய்க்கும்போது வந்தது, துணி காயப்போடும்போது வந்தது. நான் என்ன இவளுக்குக் கெடுதலா சொன்னேன்? உட்கார்ந்து கேட்டேனே, மண்டபத்துக்கு வருகிறேன் என்றேனே. அப்படியெல்லாம் யார் சொல்வார்கள்? நடக்கட்டும், முகம் வெந்துபோய்த் திரும்பி வருவாள். அப்போது சொல்ல வேண்டியதை வசந்தாமணி தயார் செய்துகொண்டாள். அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கடுமையாக ஒரு விதம், அக்கறையோடு ஒரு விதம், ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வது ஒரு விதம். கடைசி விதம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

வாரம் முடிவதற்குள் பூவாத்தாள் வந்தாள்.

மத்தியான வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. தலையோடு முந்தானையைப் போர்த்தி, ஒரு கண் மட்டும் தெரிய, அதே வாசலில் அதேபோல நின்றாள். இந்த முறை உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. வசந்தாமணிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் சாய்த்தாள். முந்தானையை விலக்கினாள்.

இரண்டு கன்னமும் வெந்திருந்தன. தோல் சுருண்டு, அதன் அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. நெற்றியில் கருப்பாகத் திட்டு விழுந்திருந்தது. கண்ணின் கீழ் வீங்கிப்போய், ஒரு கண் பாதிதான் திறந்தது. எதிர்வரிசையில் எதைத் தடவினார்கள் என்று பூவாத்தாளுக்குத் தெரியவில்லை. எரிகிறது என்று கத்தியதற்கு, எரிந்தால்தான் வெளுக்கும் என்றார்களாம். மறுநாள் களத்துக்கும் போயிருக்கிறாள்.

ஜெசிந்தா ஒரு முறை குனிந்து பார்த்தாள். உடனே போனை எடுத்து தோல் டாக்டரின் கிளினிக்குக்குப் பேசினாள். இப்போதே கூட்டி வருகிறேன், வெளியே காக்க வைக்காதீர்கள் என்றாள்.

வசந்தாமணி அலமாரி முன்னால் போய் நின்றாள். புட்டிகளைப் பார்த்தாள், களிம்புகளைப் பார்த்தாள்.

"எதைப் போடறதுங்க மேடம்?"

"பச்சைத் தண்ணி. வேற ஒன்னும் வேண்டாம். தேய்க்காம சும்மா போர்த்தி விடுங்க. ஆட்டோவைக் கூப்பிடறேன்."

மெல்லிய துணியை நனைத்துப் பிழியாமல், கனம் தெரியாமல் கன்னத்தின் மேல் விரித்தாள். நன்றாகவே விரித்தாள். மடிப்பு விழவில்லை. துணிக்கு அடியிலிருந்து பூவாத்தாள் பேசினாள். கண்ணீர் வழிந்த இடமெல்லாம் எரிந்திருக்க வேண்டும், பேச்சுக்கு நடுவில் பல்லைக் கடித்தாள்.

"நாலு நாள்தானுங்கக்கா இருக்குது. அத்தனை ஒரம்பரை, சொந்தபந்தம் முன்னால இந்த மூஞ்சிய வச்சுட்டு எப்புடி நிப்பேன்? நான் போகலீங்க. ஒடம்பு சரியில்லைன்னு படுத்துக்கறேன். அவ கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

வசந்தாமணிக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையோடு கூடவே, வாரம் முழுக்க அவள் வாயில் ஊறிக்கிடந்ததும் மேலே வந்தது. இரண்டில் அதுதான் முந்திக்கொண்டது.

"நான் அன்னைக்கே..."

துணிக்கு அடியில் அந்த முகம் இறுகியது. ஜெசிந்தா போனைக் காதிலிருந்து எடுத்தாள். வசந்தாமணியின் தோள்மேல் கை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அது வேண்டாங்கக்கா. இந்தத் தோல் அதைத் தாங்காது."